கயிற்றுக்கு அந்தப் பக்கம்

“பாப்பா துணியையெல்லாம் யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?” சாலைக்கு எதிர்ப்பக்கம், டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு எங்கள் கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி கத்துகிறாள். “தினம் அதை மோந்து மோந்து அழறே, பாக்க முடியலடி!” என்று இந்தப் பக்கத்திலிருந்து அவன். நடுவே மாரத்தான், நகரமே பனியனும் நம்பருமாக ஓடுகிறது, இரண்டு பக்கமும் தடுப்புக் கயிறு. குழந்தை காய்ச்சலில் போய் இன்னும் வருஷம்கூட ஆகவில்லை. நான் பால்கனியில் துணி உலர்த்தும் சாக்கில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பிழிகிறேன். காலை வெயில் ஈர முதுகுகளில் மினுங்குகிறது. “போகாதே, நில்லு!” என்று அவன் இரண்டு கையையும் தூக்கி ஆட்ட, தன்னைத்தான் உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து ஒரு தொப்பைக்காரர் சிரித்துக் கையசைத்துவிட்டு ஓடுகிறார். கயிற்றைத் தாண்டப் போனவனைக் காவலுக்கு நிற்பவர் பிடித்து நிறுத்துகிறார்: “பொறுங்க சார், கடைசி ஆள் போயிடட்டும்.” “ஒரே ஒரு கவுனாவது வச்சிருக்கக் கூடாதா?” அவள் குரல் உடைகிறது. டாக்சிக் கதவு சாத்தும் சத்தம் கைதட்டலில் கேட்கவே இல்லை.

தன் அக்காவின் ஊருக்குப் போனவள் போனவள்தான். அப்புறம் அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான், பெண் பிறந்திருக்கிறது. சின்னதாகிப்போன சட்டையைக்கூட யாருக்கும் கொடுக்க விடமாட்டேன் என்கிறார் என்று புதுப் பெண்டாட்டி என்னிடம் அலுத்துக்கொள்கிறாள்.