ஒரே நோய், ஆறு புத்தகம்

நித்தியாவின் நாவல் அணிக்கு நடந்தது பச்சை அநியாயம். இரண்டே புள்ளியில் தோல்வி. அதுவும், ஒரே நோயைப் பற்றி ஆறு புத்தகம் படித்து ஆறு புள்ளி வாங்கிய ஒருத்தியால்.

அசாம் ஜாவா ஊர் மண்டபத்தில் பள்ளி விடுமுறை வாசிப்புப் போட்டி. நட்புமுறை என்றுதான் பெயர். இளையோர் நாவல் ஒரு பக்கம், அறிவு நூல் மறுபக்கம். படித்ததைப் பற்றி மூன்று நிமிடம் பேசினால் ஒரு புள்ளி. ஜெயிக்கிற பக்கத்துப் புத்தகங்களைத்தான் இந்த வருடம் மண்டப நூலகத்துக்கு வாங்குவார்கள்.

"அப்ப இனிமே கதை புக்கு வராதா, அக்கா?" நித்தியாவின் அணியில் இருந்த எஸ்டேட் பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பல்கலைக்கழகத்தில் விவாத மேடை ஏறுகிறவள் சும்மா இருப்பாளா? நேராக நடுவர் வாகீஸ்வரி டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், ஆறும் கல்லீரல் நோய். ஒண்ணைப் படிச்சிட்டு ஆறுன்னு சொன்னாகூட யாருக்குத் தெரியும்?"

"ஆறிலும் கேள்வி கேட்டுத்தான் புள்ளி போட்டனான், பிள்ளை. ஒரே விஷயம் கூடாது எண்டு விதியில் இல்லையே."

"விதியில இல்ல, சரி. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அந்த ஆறு புத்தகத்தைப் படித்த கண்மணி ஓரமாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். சுங்கை செம்பிலாங் ஊர்ப் பெண், பதினேழு வயது, யாரிடமும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதவள். நித்தியா அவள் பக்கம் திரும்பினாள்.

"டாக்டருக்குப் படிக்கப் போறியா? இன்டர்வியூல பெருமையா சொல்லிக்கத்தானே இத்தனையும்? என் பிள்ளைங்க ஒவ்வொரு நாவலுக்கும் அழுதாங்க லா. அடுத்தவங்க வலி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. ஆறு புக்குல உனக்கு என்ன புரிஞ்சுது, சொல்லு பாப்போம்."

கண்மணி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"அப்பாவை ஆஸ்பத்திரியில காட்டினப்ப, டாக்டர் இங்கிலீஷ்ல நிறைய சொன்னாரு. வீட்டுல எனக்கு மட்டும்தான் இங்கிலீஷ் வரும். அம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாங்க. புரியுதான்னு டாக்டர் கேட்டாரு. பாதி புரியல, சொல்ல வெக்கமா இருந்துச்சு. தலையாட்டிட்டேன்."

"அம்மாகிட்ட என்ன சொன்ன?" நித்தியாவின் குரல் இறங்கியிருந்தது.

"மருந்து சாப்பிட்டா சரியாயிடுமாம்னு சொன்னேன். அம்மாவும் அண்ணனும் எப்பவும்போல வேலைக்குப் போனாங்க. நான் ஸ்கூலுக்குப் போனேன். பதினெட்டாம் நாள், வீட்டுல யாருமே இல்லாதப்ப அப்பா போயிட்டாரு."

வாகீஸ்வரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர் சொன்னது அப்படியே காதுல நின்னுச்சு, அக்கா. ஒவ்வொரு வார்த்தையா புக்கு புக்கா தேடினேன். ஆறாவதுலதான் முழுசா புரிஞ்சுது. 'இன்னும் கொஞ்ச நாள்தான், யாராச்சும் கூடவே இருங்க'ன்னு சொல்லியிருக்காரு."