மூச்சு விடலாம்

ஆபரேஷன் தியேட்டரில் நுரையீரலைக் கீறுவதற்கு முன் டாக்டர் ஜெபமலர் "நிறுத்து" என்பாள். நோயாளிக்குக் காற்று தள்ளும் இயந்திரம் நின்றுவிடும். சுற்றி நிற்பவர்களும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். கீறலை இடுக்கியால் அடைத்ததும் "விடலாம்" என்பாள்.

வீட்டுக்கும் அந்த வழக்கம் வந்துவிட்டது. மாவட்டத்தில் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்யத் தெரிந்தவர்களில், மூச்சுக்காற்றில் பரவும் புதுக் கிருமிக்குத் தப்பி மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தொற்றிவிடக் கூடாது. அதனால் அவள் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஆறு வயது மகள் ஷைனி கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்குவாள். அம்மா "விடலாம்" என்று விலகினால்தான் விடுவாள்.

அன்று மாலை வேலை முடிந்து வந்த ஜெபமலர், வாசலிலேயே மண்டியிட்டு மகளை அணைத்தாள். அப்படியே அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

ஷைனியின் முகம் சிவந்தது. "விட்டுரு கண்ணு, அப்பா சொல்றேன்ல?" என்று பதறினான் கணவன் ரூபன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அம்மாதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் தாங்க முடியவில்லை. ஜெபமலரின் கழுத்தெல்லாம் சூடான மூச்சு பரவியது.

"அம்மா, விட்டுட்டேம்மா..." குழந்தை தேம்பினாள். அந்தத் தேம்பலில் ஜெபமலருக்கு விழிப்பு வந்தது.

அடுத்தவர் மூச்சு பட்டுவிட்டால், ஆஸ்பத்திரி விதிப்படி ஒரு வாரம் அவள் தியேட்டருக்குள் நுழையக் கூடாது. நாளை ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வாத்தியார் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடவா?" என்றான் ரூபன்.

"சொல்லிடுங்க."

அவள் விலகவில்லை. கண்ணைத் திறக்காமலே மகளிடம் சொன்னாள்:

"இன்னொரு தடவை விடும்மா."