ஃப்ளாஷ் இல்லாத படம்

"உன் ஸ்டுடியோவுல மாட்டியிருக்கிற படமெல்லாம் பிரமாதம்யா! மங்கின வெளிச்சத்துலயும் ஃப்ளாஷ் இல்லாம எடுக்குற லென்ஸாமே? ஒரு மூஞ்சி விடாம எடு" என்றார் இன்ஸ்பெக்டர், போட்டோகிராபர் எட்வினிடம்.

இட ஒதுக்கீடு கேட்டு, தியாகதுருகம் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்திருந்தது கூட்டம். முன்வரிசையில் எட்வினின் கூட்டாளி அன்புச்செல்வன்.

"எங்கள காட்டிக்குடுக்கவாடா போட்டோ புடிச்சிக்கினு கீற?" காறித் துப்பினான்.

எட்வின் எடுத்துக்கொண்டே இருந்தான்.

இன்ஸ்பெக்டர் நடுவில் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "அத்தனை பேரும் பளிச்சுனு தெரியறானுங்க!"

கழுவிய பிலிமில் ஒன்றுமே விழவில்லை.

"இன்னாய்யா இது?"

"லென்ஸ் மூடியக் கழட்ட மறந்துட்டேங்க. இந்தக் கேமராவுல நாம பாக்குற ஜன்னல் வேறங்க, லென்ஸ் வேறங்க. மூடியிருந்தாலும் நமக்குத் தெரியும்."

பளாரென்று அறை விழுந்தது.

எட்வின் கன்னத்தைத் தடவிக்கொண்டான். அன்புச்செல்வனைக் கூட்டத்தில் பார்த்ததும் அந்த மூடியை எடுத்து மாட்டியதே அவன்தான்.