பூனைக்குத் துக்கம்

"தேவி போயிட்டா!" என்று தாயெசிஸ் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

செராபியோனுக்குப் பகீரென்றது. தேவி அவர்கள் வீட்டுப் பூனை. எகிப்தியர் கும்பிடும் பூனைமுக அம்மன் பஸ்தெத்தின் வடிவம். அந்தத் தம்பதிக்கு அம்மனும் தத்துவமும் இரண்டு கண்கள்.

"தொட்டுப் பாத்தியா?"

"தொட்டா நாமதான் கொன்னோம்னு அலெக்சாந்திரியாவே திரண்டு வந்து அடிக்கும். கிணத்தடியில காலை நீட்டிக் கிடக்கா. உக்காருங்க, வீட்டுப் பூனை செத்தா துக்கத்துக்கு எல்லாரும் புருவத்தை மழிக்கணும்ல."

"இன்னிக்கா? தத்துவ மண்டபத்துல நான் நடத்தப்போற முதல் பாடம்டி! பசங்க சிரிச்சா என் பொழப்பே போச்சு. சாவுக்கு ஞானி கலங்கமாட்டான்னுதான் சொல்லித்தரப் போறேன்."

"கலங்க வேண்டாம். மழிச்சுக்கிட்டாப் போதும்."

அவனுக்கும் மழித்துவிட்டு, தனக்கும் மழித்துக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் அவன் குனிந்த தலையோடு நுழைந்தான். சிரிப்புச் சத்தமே இல்லை. மெல்ல நிமிர்ந்தான். மாணவர்கள் எல்லாரும் அவன் தெருக்காரர்கள். ஒருவனுக்கும் புருவம் இல்லை.

"எங்க பூனை செத்துப்போச்சு ஐயா," என்று ஒருவன் விம்மினான். "கிணத்தடியில கிடக்கு."

"அது எங்க வீட்டு மகராசிடா! காலையிலகூட ரெண்டு மீன் தின்னா," என்றான் செராபியோன்.

"எங்க வீட்டுல நாலு!"

"எங்க வீட்டுல ஒரு கிண்ணம் பால்!"

தேவி ஏன் அப்படிக் கிடந்தாள் என்று செராபியோனுக்குப் புரிவதற்குள், அவளே மீசையை நக்கியபடி உள்ளே வந்தாள். பின்னாலேயே தாயெசிஸ், மூச்சிரைக்க.

"என் செல்லம்!" என்று அத்தனை பேரும் கை நீட்டினார்கள்.

தேவி அந்த மொட்டை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. சீறிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தாவி ஓடிவிட்டாள்.