பதினாலாம் பிரிவு

பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். கீழே, சபாநாயகருக்கு முன்னால் போட்ட மேசையில், தங்கை சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் ஒருவர் சம்பளக்காரர் என்றால் மற்றவருக்கு உதவித்தொகை கிடையாது என்கிறது இன்று சபைக்கு வந்திருக்கும் மசோதாவின் பதினாலாம் பிரிவு. இவர்கள் வீட்டில் சம்பளக்காரி தங்கை. உதவித்தொகை, நடக்க முடியாத மகனை வைத்திருக்கும் அக்காவுக்கு. "இவங்க பேசுறது எனக்குப் புரியாது. பதினாலு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பாருடி" என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் அக்கா படியேறினாள். உயரச் சன்னல் வெளிச்சத்தில் காலி நாற்காலிகள்தான் பளபளக்கின்றன. வந்திருக்கும் பத்து உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து, "உதவித்தொகையோட ஆளுக்கு ஒரு மெத்தையும் குடுத்துடலாமே, நல்லாத் தூங்குவாங்க!" என்கிறார். மகனைப் புரட்டிப் படுக்கவைக்க அக்கா ராத்திரிக்கு மூன்று தடவை எழுகிறவள். தங்கையின் பென்சில் அடைப்புக்குறி போட்டு, சிரிப்பு என்று எழுதுகிறது. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். சபாநாயகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பிரிவுகள் இரண்டு முதல் முப்பது வரை. ஆதரிப்போர் ஆம் என்க" என்கிறார். கொட்டாவியோடு நாலைந்து ஆம். "நிறைவேறியது." கண்ணாடி இன்னும் மூக்குக்குத் திரும்பவில்லை. தங்கை ஒரு சொல் விடாமல் எழுதி முடிக்கிறாள், நிமிரவில்லை. மேலே அக்கா கம்பியைப் பிடித்தபடி, காதைத் தீட்டிக்கொண்டு, பக்கத்துப் பெண்ணிடம் மெல்லக் கேட்கிறாள்: "இன்னும் பதினாலு வரலல்ல?"