உட்கார்ந்தே பேசிய செவலை

காவலுக்குக் குட்டி வேண்டுமென்றால் காட்டில் எல்லோரும் செவலை என்ற நாயிடம்தான் போவார்கள். யார் வந்தாலும் அவள் உட்கார்ந்தபடியே பேசி அனுப்புவாள்.

ஒருநாள் கொம்பி என்ற வெள்ளாடு, முன்பு அவளிடம் வாங்கிப்போன நாய்க்குட்டியோடு திரும்பி வந்தது. குட்டி பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது.

“ஏண்டி செவலை, நொண்டியைப் போய் என் தலையில கட்டிட்டியே!”

“இங்கேருந்து துள்ளிக்கிட்டுதானே போனான்? பாறையில ஏத்தி எறக்கிக் காலைக் கெடுத்துட்டு, என்னைக் கேக்குறீங்களே அக்கா!”

“நான் எங்கேயும் விழலைம்மா,” என்றது குட்டி. “தானாத்தான் வலிக்குது. எனக்கு நடக்கத் தெரியலையா?”

செவலை எழுந்து குட்டியிடம் போனாள். அவளும் அதே காலைத்தான் இழுத்தாள்.

“எங்கம்மாவுக்கும் இப்படித்தான், அக்கா. தெரிஞ்சா யாரும் குட்டி கேக்க மாட்டாங்கன்னு உக்காந்தே ஒப்பேத்திட்டேன். இவனை விட்டுட்டுப் போங்க.”

“விட்டுட்டுப் போறதா? இவன் குரைச்சா நரி நாலு காடு தாண்டி ஓடுது! முதல்லயே சொல்லியிருந்தா பாறைப் பக்கமே விட்டிருக்க மாட்டேன். இனிமே பட்டி வாசல்ல படுத்துக் குரைக்கட்டும். வாடா, மெதுவாவே போவோம்.”

வழியனுப்ப வந்த செவலையிடம், வாசலில் ஒரு வாத்து வந்து, காவலுக்குக் குட்டி கேட்டு நின்றது. செவலை உட்காரவில்லை. அதன் முன்னால் நடந்து காட்டினாள்.

“என் குட்டிக்கும் இந்த நடை வரலாம். பரவாயில்லையா?”

வாத்து அவளைக் கூர்ந்து பார்த்தது.

“எங்க வீட்டுல எல்லாருக்குமே இந்த நடைதான்,” என்றது.