ஏழாம் நம்பர் கழுகு

மாயாற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து யாரும் கழுகைக் காணாமல் திரும்பக் கூடாது என்று அரசு முடிவெடுத்ததிலிருந்து, அங்கே கழுகுகள் பேட்டரியில் பறந்தன. அவற்றை மேய்க்கும் தேவசகாயத்துக்கு 'முதுநிலை வானுயிர் மாட்சிமை அலுவலர்' என்று பட்டம். நிஜக் கழுகை ஒருமுறையாவது பார்த்துவிடும் ஆசையில் இளவயதில் வேலைக்குச் சேர்ந்தவர், இன்னும் பார்க்கவில்லை.

அன்று வனத்துறை இயக்குநர் புதிய பார்வை மேடையின் திறப்பு நாடாவை வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது, எதிர்ப்பாறையில் ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் அழுக்கு. காலில் வெள்ளையாக எதுவோ வழிந்தது.

தேவசகாயம் வாக்கிடாக்கியில் ஷெட் மெக்கானிக்கிடம் பல்லைக் கடித்தார். "மும்தாஜ், ஏழாம் நம்பர் மறுபடி மக்கர் பண்ணுதும்மா. என்னமோ ஒழுகுது. பெரியவங்க முன்னாடி மானத்த வாங்குது!"

பதிலுக்குக் காத்திராமல் கல்லெடுத்து வீசினார். அது தடுமாறி எழும்பி, இறக்கையை அகல விரித்து, மலைக்கு அப்பால் மறைந்தது. இயக்குநர் கைதட்டினார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "ஏழு எம்மடியில கெடக்கு சார். மத்ததும் ஷெட்டுலதான். இன்னும் எதையும் விடவே இல்லியே."

தேவசகாயம் மலையையே பார்த்தபடி நின்றார்.

"பிரமாதம்யா! அச்சு அசல் கழுகு மாதிரியே இருந்துச்சு," என்றார் இயக்குநர். "இன்னொரு தடவ வரச் சொல்லு."

"வராதுங்க சார்."